கோவிந்தராஜின் ஒன்பது நிமிடங்கள்

ஓசூரில் இறங்க வேண்டிய நான் சூளகிரியில் இறங்கினேன். தூக்கம்தான் காரணம். பெங்களூரில் பேருந்து ஏறியதும் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், ஓசூர் வந்தால் எழுப்பிவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டினார். அவருக்குக் கன்னடம் மட்டும்தான் தெரியும் என்பது, நடத்துநர் வந்து என் தோளுக்கு மேல் சத்தம் போட்டபோதுதான் விளங்கியது. அந்த மனிதர் அவரிடம் கன்னடத்திலும், ஓட்டுநரிடம் தெலுங்கிலும், என்னிடம் தமிழிலும் ஒரே மூச்சில் பேசி என்னை நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டார். அத்திப்பள்ளியில் கர்நாடகம் முடிந்து தமிழ்நாடு தொடங்குவதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். எல்லைகளைப் பற்றிப் படம் எடுத்தவள், அன்று ஓர் எல்லையைத் தூங்கியே கடந்திருந்தேன்.

நான் கிள்ளான்காரி. மலேசியாவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் தோழி அஸ்லினாவிடம் ஒரு கேமரா இருந்தது. வார இறுதிகளில் இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு, எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நேப்பாளிகள், வங்கதேசத்தவர்கள், இந்தியத் தமிழர்கள் ஆகியோரிடம் பேசி ஒரு படம் எடுத்தோம். முப்பத்தெட்டு நிமிடம் ஓடும். முதலாளியை எங்கள் பக்கம் தவுக்கே என்போம். படத்தின் பெயர் ‘பாஸ்போர்ட் தவுக்கேயிடம் இருக்கிறது’. அதைச் சிறு அரங்குகளில் சில நாடுகளில் காட்டியிருக்கிறோம். ஐம்பது பேர் பார்த்தால் எங்களுக்குத் திருவிழா.

ஓசூரில் இருந்து ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியபோது, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினேன். எழுதியவர் முத்துக்குமார். கோவில்பட்டிக்காரர், வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு வெளிநாட்டுப் படங்கள் போடுகிறாராம். அவர் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டம் என்று தெரிந்ததும்தான் நான் கிளம்ப முடிவு செய்தேன். என் படத்தில் நடுவில் ஒன்பது நிமிடம் பேசும் கோவிந்தராஜுக்கு ஊர் அதே மாவட்டத்தில் நாகரசம்பட்டி. படம் முடிந்ததும் ஒரு பிரதி தருவதாக அவரிடம் சொல்லியிருந்தேன். சொல்லி நான்கு வருடம் ஆகியிருந்தது.

சூளகிரியிலிருந்து திரும்பி ஓசூர் போய்ச் சேர்ந்தபோது முத்துக்குமார் பேருந்து நிலையத்தில் இரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்த சீருடையைக்கூட மாற்றவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊர் தே தாரிக்கில் கால்வாசிதான் இருக்கும் அந்தக் கண்ணாடித் தம்ளர். ஆனால் இரண்டாவது வாங்கிக் குடித்தேன். குளிர் அப்படி. ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டில் காற்று சில்லென்று அடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று மாலை அரங்கைக் காட்டினார். ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் மாடி. ஜன்னல்களுக்குச் செய்தித்தாள் ஒட்டி இருட்டாக்கியிருந்தார்கள். வெளிநாட்டுப் படங்களுக்கு ஆங்கிலத்தில்தான் வசனம் கீழே ஓடும், இங்கே வருகிறவர்களுக்கு அதைப் படிக்க நேரம் போதாது. அதனால் முத்துக்குமார் முன்கூட்டியே படத்தைப் பலமுறை பார்த்து, வசனம் முழுவதையும் தமிழில் நோட்டில் எழுதி, படம் ஓடும்போது மைக்கில் வாசிக்கிறார். ஆண், பெண், குழந்தை எல்லாவற்றுக்கும் அதே கோவில்பட்டிக் குரல். அலமாரியில் பதினெட்டு நோட்டுகள் இருந்தன. என் படத்துக்கும் ஒரு நோட்டு போட்டிருந்தார். மலாய்க்கும் நேப்பாளிக்கும் மட்டும் எழுதினால் போதும், உங்க ஆளு தமிழ்லயே பேசிட்டாரு என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கான நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார். ‘நாகரசம்பட்டியைச் சேர்ந்த தொழிலாளி தோன்றும் மலேசியப் படம்’ என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நானும் சொன்னேன். அப்போது எனக்கு அதில் தப்பாக எதுவும் படவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை கிருஷ்ணகிரிக்கும், அங்கிருந்து இன்னொரு பேருந்தில் நாகரசம்பட்டிக்கும் போனேன். மாம்பழ சீசன். சாலையில் எங்களுக்கு முன்னால் மாங்காய் ஏற்றிய லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. கூழ் ஆலைகளுக்குப் போகும் காயை இங்கே பெங்களூரா என்கிறார்கள். அது எதற்காகத் தமிழ்நாட்டில் விளைந்து பெங்களூர் பெயரைச் சுமக்கிறது என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். ‘பேருல என்னாங்க, தின்னா இனிக்கும்’ என்றார்.

நிறுத்தத்தில் கோவிந்தராஜ் தன் மினி லாரியோடு காத்திருந்தார். என் படத்தில் அவருக்குத் தலை மொட்டையாக இருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும். இப்போது தலை நிறைய முடி, சிறு தொப்பை. டீச்சர் என்று கூப்பிட்டதும்தான் அடையாளம் பிடித்தேன். லாரி சொந்தமானது. தோட்டங்களில் இருந்து காய் ஏற்றிப் போகிறார்.

வீட்டில் அவர் மனைவி சுமதி களியும் கீரைக் கடைசலும் போட்டார். கேழ்வரகுக் களியை நான் அதுவரை சாப்பிட்டதில்லை. வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தேன், உள்ளே இறங்கவில்லை. மெல்லக் கூடாது, கீரையில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்று சுமதி சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது உருண்டையில் பழகிவிட்டது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து கூடைகளுக்கு வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். நான் வணக்கம் சொன்னேன், அவரும் கைகூப்பினார். கோவிந்தராஜ் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. யார் என்று கேட்டேன். அண்ணன் மாதையன் என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

படத்தை வீட்டில் போட வேண்டாம் என்றார். என்னிடம் கையடக்க டிவிடி கருவி ஒன்று இருந்தது. லாரியை ஒரு மாந்தோப்புக்குள் ஓட்டிப்போய் நிறுத்தி, அதை ஸ்டீரிங்குக்கு முன்னால் வைத்து இருவரும் பார்த்தோம். நேப்பாளிகள் பேசும் இடத்தில் நன்றாகச் சிரித்தார். ஒருவனை அடையாளம் கண்டு பெயர் சொன்னார். பிறகு அவரே திரையில் வந்தார்.

அந்த ஒன்பது நிமிடத்தை நான் நூறு முறை பார்த்திருப்பேன். மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டதையும், அங்கிருந்து ஓடியதையும், அடையாளத் தாள் இல்லாமல் பிடிபட்டு மூன்று மாதம் தடுப்பு முகாமில் இருந்ததையும் அவர் சொல்வார். வெளியே வந்து, ஊருக்கு டிக்கெட் கிடைக்கும்வரை ஒரு தன்னார்வ அமைப்பின் விடுதியில் தங்கியிருந்தபோது எடுத்தது. கடைசியில் ஒரு சிறு சிரிப்போடு, ‘எங்கப்பன் செத்த சேதி எனக்குப் பதினேழு நாள் கழிச்சித்தான் தெரியும். உள்ள இருந்தேன்’ என்பார். அங்கே நாங்கள் இரண்டு நொடி கறுப்புத் திரை வைத்திருக்கிறோம். எந்த ஊரில் காட்டினாலும் அந்த இரண்டு நொடியில் அரங்கம் மூச்சுவிடாமல் இருக்கும். அதில் எனக்குப் பெருமை உண்டு.

கோவிந்தராஜ் கருவியை மூடினார்.

‘டீச்சர், இத ஓசூர்ல போடாதீங்க.’

பிறகு காரணத்தைச் சொன்னார். அப்பா இறந்தபோது கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறார். அந்தச் சமயம் தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அண்ணன்களில் ஒருவன் வெளிநாட்டில் ஜெயிலில் இருந்தான் என்று தெரிந்தால் அந்தப் பேச்சு நின்றுபோயிருக்கும். தங்கையின் கணவர் இப்போது ஓசூரில்தான் வேலை செய்கிறார். உண்மை சுமதிக்கு மட்டும் தெரியும். மாதையனுக்குத் தெரியாது. தனியாளாகக் கொள்ளி வைத்தவர், சம்பாதிக்கும் ஆசையில் தம்பி வராமல் இருந்துவிட்டான் என்று நினைத்து, இவர் திரும்பி வந்த நாள் முதல் பேசுவதில்லை. நோட்டீஸ் ஒன்று காவேரிப்பட்டணம் தேநீர்க் கடைவரை வந்துவிட்டதாம். அதைப் பார்த்ததிலிருந்து கோவிந்தராஜுக்குத் தூக்கம் இல்லை.

எடுக்கும்போது சம்மதித்தீர்களே என்று நான் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாள் என்னிடம் இருக்கிறது. அது மலாயில் இருக்கிறது. அவருக்கு மலாய் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று வாயால் சொன்னேன், உண்மைதான். ஆனால், இதையெல்லாம் உங்கள் ஊரில் யாரும் பார்க்கப் போவதில்லை என்றும் சொன்னேன். புரியாத தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று தவுக்கேக்களைக் குற்றம் சொல்லும் படம் அது. மாந்தோப்பில் அந்த லாரிக்குள் உட்கார்ந்திருந்தபோது எனக்கு முகம் சுட்டது. போட மாட்டேன் என்று சொன்னேன். அவருக்காகக் கொண்டுவந்த பிரதியை அவரிடம் கொடுத்தேன். அவர் அதை இருக்கைக்கு அடியில் வைத்தார்.

மாலையில் ஓசூர் திரும்பி முத்துக்குமாரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

‘மேடம், அந்த ஒம்பது நிமிசந்தான் படமே. எங்க லைன்ல மூணு பயலுவ மலேசியாவுக்குப் பேப்பர் போட்ருக்கானுவ. ஏஜெண்டு சொல்லுததுதான் அவனுவளுக்கு வேதம். நம்ம மாவட்டத்து ஆளு, நம்ம பாசையில சொன்னாத்தான் காதுல ஏறும். நேப்பாளி சொன்னா கேப்பானுவளா?’

அந்த மூன்று பேரும் நாளை முன்வரிசையில் உட்காருவார்கள் என்றார். ஒருவருடைய மானத்தைக் காப்பாற்ற மூன்று பேரைக் குழியில் விடுவதா என்றும் கேட்டார். என்னிடம் கோவிந்தராஜுக்குச் சொன்ன சொல் மட்டும் இருந்தது. வெகுநேரம் பேசி, கடைசியில் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுவது என்றும், அதற்குப் பதில் நானே நின்று பேசுவது என்றும் முடிவானது. முத்துக்குமார் அரைமனதோடுதான் ஒத்துக்கொண்டார். அன்று சாப்பிட என்னைப் பரோட்டா கடைக்கு அழைத்துப்போனார். பரோட்டா எங்கள் ரொட்டி சானாயின் முரட்டு அண்ணன். மூன்று சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை பத்தரைக்குக் கூட்டம் சேர்ந்தது. அறுபது பேர் இருக்கலாம். நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்கள் சுவரில் சாய்ந்து உட்கார இடம் பிடித்தார்கள். பேச்சில் மதுரையும் திருநெல்வேலியும் சேலமும் கலந்து கேட்டது. முதலில் ஓர் ஐரோப்பியக் குறும்படம். லாரியில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ஒளிந்து எல்லை கடக்கும் ஒரு தகப்பனும் மகளும். முத்துக்குமார் மைக்கில் மகளாகவும் தகப்பனாகவும் வாசித்தார். காவலர்கள் பெட்டிகளைத் தட்டிப் பார்க்கும் இடத்தில் நான் கை விரல்களை இறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், தக்காளிக்குப் பேர்போன ராயக்கோட்டைக்காரர் ஒருவர், பெட்டியை அப்படி அடுக்கினால் அடித் தக்காளி எல்லாம் நசுங்கிவிடும், இவர்களுக்கு லோடு ஏற்றவே தெரியவில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஆனால் மகள் தும்மலை அடக்கும்போது அவரும் பேச்சை நிறுத்திவிட்டார்.

அடுத்து என் படம். ரிமோட்டை நான் கையில் வைத்திருந்தேன். பதினான்காவது நிமிடத்தில் அழுத்தினேன். திரை ஒரு கணம் நீலமாகி, தொழிற்சாலை வாசலில் இருந்து நேரே துறைமுகத்துக்குத் தாவியது. முத்துக்குமார் நோட்டில் பக்கங்களைப் புரட்டும் சத்தம் மைக்கில் கேட்டது.

முடிந்ததும் நான் பேசினேன். ஒருவரையும் பெயர் சொல்லாமல், பாஸ்போர்ட் போனால் என்னவாகும், கையெழுத்துப் போடும் முன் யாரிடம் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும், சிக்கல் வந்தால் எங்கே போக வேண்டும் என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த செல்வம் என்பவர், ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர், கை தூக்கினார். பேப்பர் போட்டிருக்கும் மூவரில் அவர் ஒருவர்.

‘அக்கா, அங்க பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிக்கறாங்கன்னு சொல்றீங்க. இங்க என் படிப்பு சர்ட்டிபிகேட்டே கான்ட்ராக்டர் கிட்டத்தான் இருக்குது. ரெண்டும் ஒண்ணுதானே?’

சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. இல்லை, இங்கிருந்து நீங்கள் வீட்டுக்கு நடந்தாவது போய்விடலாம், அங்கிருந்து முடியாது என்றேன். அது போதுமான பதிலா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அந்த மூவரில் ஒருவர் பிறகு பின்வாங்கிவிட்டதாகவும், செல்வமும் இன்னொருவரும் போய்விட்டதாகவும் முத்துக்குமார் பின்னால் எழுதினார். செல்வம் கிள்ளானில் என்னை வந்து பார்த்தார். பாஸ்போர்ட் அவரிடமே இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் மடித்த நோட்டீஸ். சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்த முகம். மாதையன்.

வணக்கம் வைத்துவிட்டு, நோட்டீசில் தம்பி இருப்பதாகப் போட்டிருந்ததே, காணோமே என்றார். அந்தப் பகுதியை இன்று போடவில்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

‘அவன் உள்ள இருந்தது எனக்குத் தெரியுங்க டீச்சரம்மா. கூட இருந்த ஊத்தங்கரையாள் ஒருத்தன் போச்சம்பள்ளி சந்தையில சொல்லிட்டான். மூணு வருசம் ஆச்சி. அதுக்கப்புறம் கொள்ளி வெக்க வரலன்னு எனக்குக் கோவம் இல்ல. எங்கிட்டச் சொல்லல பாருங்க, அதான். அவன் வாயால கேக்கலாம்னுதான் பஸ் ஏறி வந்தேன்.’

படத்தில் அதைச் சொல்கிறானா என்று கேட்டார். ரிமோட் இன்னும் என் மடியில்தான் இருந்தது. வட்டும் கருவிக்குள்தான் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதை நான் சொல்லக் கூடாது ஐயா, அவரிடமே கேளுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பதில் கிடைத்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. மூன்று வருசமாக அவனே சொல்லட்டும் என்றுதான் இருக்கிறேன் என்று சொல்லி எழுந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், மறுத்தார். தேநீர் மட்டும் குடித்துவிட்டுக் கிருஷ்ணகிரி பேருந்து ஏறினார்.

அறைக்குப் போய் வெகுநேரம் யோசித்தேன். படத்தைக் காட்டுவதில்லை என்றுதான் கோவிந்தராஜுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மாதையன் வந்ததை மறைப்பதாகக் கொடுக்கவில்லை. ஆனால் இது என் வேலையா? ஏற்கெனவே ஒருமுறை அவர் வாழ்க்கைக்குள் கேமராவோடு நுழைந்தவள் நான். கடைசியில் போன் செய்து, மாதையன் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மறுமுனையில் லாரி ஹாரன் ஒன்று தூரத்தில் கேட்டது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை பெங்களூர் பேருந்துக்காக நின்றேன். முத்துக்குமார் ஷிப்டுக்குப் போகும் வழியில் வந்து, என் படத்துக்கு எழுதிய நோட்டைக் கையில் கொடுத்தார். தமிழ் தெரிந்தவர்களுக்கு எங்காவது காட்டினால் உதவும் என்றார். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். பாதி போய்விட்டது என்றார்.

இரண்டு பேருந்துகளைக் கூட்டம் அதிகம் என்று விட்டேன். மூன்றாவதற்கு நிற்கும்போது கோவிந்தராஜ் வேகமாக நடந்து வந்தார். மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுவந்தவர், லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

நேற்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன் என்றார். சுவரைத் தாண்டிப் போகாமல் தெருவழியாகச் சுற்றிப் போனாராம். போய் நின்றதும் மாதையன் உட்காரச் சொன்னார். தொழிற்சாலை, ஓட்டம், முகாம், பதினேழு நாள் என்று எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது.

படத்தை இனிமேல் போடலாமா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், முதலில் தங்கையிடமும் அவள் வீட்டுக்காரரிடமும் பேச வேண்டும், அதுவரை பொறுங்கள் என்று. சரி என்றேன். அண்ணன் கடைசியில் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன்.

‘ஒண்ணும் சொல்லல டீச்சர். அங்க உனக்குச் சோறு என்னாடா போட்டாங்கன்னு கேட்டாரு. வெறுஞ்சோறும் கருவாடும், அதுவும் ஒரு வேள இல்லன்னு சொன்னேன். அண்ணி எந்திரிச்சி உள்ள போயிட்டாங்க. அழறதுக்குத்தான் போறாங்கன்னு நெனச்சேன். தட்டு கொண்டாந்து எம்முன்னால வெச்சாங்க.’